தோளை இறக்கு

மிருதங்க வகுப்பில் முதல் ஆறு மாதம் நான் அதிகம் வாங்கிய வசவு, "தோளை இறக்குடா!" 'த தி தொம் நம்', நாலே சொல். அதற்கே என் தோள் காதைத் தொடும், பல் கிட்டிக்கும், வேலையில்லாத சுண்டுவிரல் விறைத்து நிற்கும். வாத்தியாரோ வெற்றிலையை மென்றபடி வாசிப்பார். கை அடிப்பதாகவே தெரியாது, தோலின் மேல் தானாக விழும்.

இதில் பெரும்பகுதி தசைக் கணக்கு. கையை மடக்க ஒரு தசை, நீட்ட அதற்கு எதிர்த்தசை. புதிதாகக் கற்பவருக்கு இரண்டும் ஒன்றாக இறுகும். அடி எங்கே விழும் என்று மூளைக்கு நிச்சயமில்லை. அதனால் மூட்டையே இறுக்கிப் பிடிக்கிறது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஆக்சிலேட்டரை முறுக்குகிற கதைதான். சாதகம் செய்யச் செய்ய, சிறுமூளை அடி விழுமுன்பே விளைவைக் கணித்து, நடந்ததோடு ஒப்பிட்டு, பிசகைத் திருத்துகிறது. எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்குதான் அது. ஆனால் மூளையின் சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஏறக்குறைய 6,900 கோடி அங்கேதான் உள்ளன. கணிப்பு தேறியதும் எதிர்த்தசை ஒதுங்கிக்கொள்கிறது. லாவகம் என்று நாம் வியப்பதில் பாதி, ஒரு தசை சும்மா இருக்கக் கற்றுக்கொண்டதுதான்.

அப்படியானால் எல்லார் வாசிப்பும் ஒரே அச்சாகிவிடாதா? 1920களில் மாஸ்கோவில் உடலசைவை ஆராய்ந்த நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன், உளியைச் சுத்தியலால் அடிக்கும் தேர்ந்த தொழிலாளிகளின் கைமூட்டுகளில் சிறு பல்புகளைக் கட்டிப் படமெடுத்தார். சுத்தியல் ஏறத்தாழ ஒரே தடத்தில் இறங்கியது. அதைக் கொண்டுசேர்த்த தோளும் முழங்கையும் மணிக்கட்டுமோ ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் வேறு மாதிரி அசைந்தன. உடம்பு விடையை மனப்பாடம் செய்வதில்லை. அதே கணக்கை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுகிறது.

மூளைக்குள்ளும் ஒரு தோள் இறங்குகிறது. 2008இல் சார்ல்ஸ் லிம், ஆலன் பிரவுன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து, 35 கட்டைகள் கொண்ட பிளாஸ்டிக் கீபோர்டைக் கொடுத்தார்கள். பாடம் பண்ணியதை வாசித்தபோது இல்லாத மாற்றம், மனோதர்மமாக, அதாவது அந்தக் கணத்தில் தோன்றியதை வாசித்தபோது தெரிந்தது. நம்மை நாமே மேற்பார்வை பார்க்கும் முன்மூளையின் பக்கப்பகுதி அடங்கியது. சொந்தக் கதையைச் சொல்லும்போது வேலைசெய்கிற நடுப்பகுதி விழித்தது. ஆறே பேர்தான்; ஆன்மாவையே கண்டுவிட்டதாகக் குதிக்க வேண்டாம். ஆனால் மேடையில் 'அடுத்து எந்த விரல்?' என்று நினைத்த கணத்தில் கை தடுமாறியவர்களுக்கு இது புதுச்செய்தியாக இருக்காது.

எங்கள் வகுப்பில் எட்டுப் பேருக்கும் ஒரே பாடம். ஆனாலும் வாத்தியார் உள்ளே சாப்பிட்டுக்கொண்டே, கூடத்தில் கேட்கும் ஒரு 'நம்'மை வைத்து அது யார் கை என்று சொல்லிவிடுவார். என் பெயர் அப்படி அவர் வாயில் வர மூன்று வருஷம் ஆனது.