எக்ஸோஸ்கெலிட்டன் – நடைச்சட்டகம்

பக்கவாதம் வந்தவரையும் தண்டுவடத்தில் அடிபட்டவரையும் எழுந்து நடக்க வைக்கும் கருவி என்று செய்திகளில் அடிக்கடி வரும் சொல் ‘எக்ஸோஸ்கெலிட்டன்’. உடலுக்கு வெளியே, காலை ஒட்டி அணிகிற சட்டம். பெரும்பாலானவற்றில் இடுப்பிலும் முழங்காலிலும் மோட்டார் இருக்கும்.

கிரேக்கத்தில் ‘எக்ஸோ’ என்றால் வெளியே. ‘ஸ்கெலிட்டோஸ்’ என்றால் காய்ந்து வற்றியது. மெலிந்த ஆளை நெல்லைப் பக்கம் ‘வத்திப் போயிட்டாரு’ என்கிறோமே, அதே வற்றல்தான். வற்றிய உடல் என்பதிலிருந்து எலும்புக்கூடு என்ற பொருள் வந்தது. நண்டு, வண்டு இவற்றின் மேலோட்டைக் குறிக்க 19ஆம் நூற்றாண்டில் விலங்கியலார் எக்ஸோஸ்கெலிட்டன் என்றார்கள். கருவிக்கு அந்தப் பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

நம் விலங்கியல் பாடநூல்கள் நண்டோட்டைப் புறச்சட்டகம் என்கின்றன. நல்ல சொல். சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் ‘புற எலும்புக்கூடு’ என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பிழைத்து எழுந்து நடக்கப் பழகுகிறவரிடம், ‘அண்ணாச்சி, எலும்புக்கூட்டை மாட்டிக்கிடுங்க’ என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தென்காசி அருகே ஆய்க்குடியில், மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். மறுவாழ்வுப் பணிக்குப் பேர்போன அந்த வட்டாரத்தில் ‘காலிப்பர்’ என்றால் விளக்கம் தேவையில்லை. போலியோ தாக்கிய காலைத் தாங்க அணியும் கம்பிச் சட்டம் அது. புதிய கருவியும் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் காலிப்பர் தாங்க மட்டும் செய்யும். கால் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. புதிய கருவியில் அதைக் கண்டு சொல்பவை உணரிகள் (சென்சார்கள்). தொடையிலும் கெண்டைக்காலிலும் உள்ளவை சாய்வையும் வேக மாற்றத்தையும் அளக்கும். பாதத்துக்கு அடியில் உள்ளவை அழுத்தத்தை அளக்கும். இயல்பான நடையில் ஒரு கால், ஒரு சுழற்சியின் (ஒரு முறை ஊன்றியதிலிருந்து மறுபடி ஊன்றும் வரை) ஏறக்குறைய 60 விழுக்காடு நேரம் தரையில் ஊன்றியிருக்கும். மீதி நேரம் காற்றில் வீசும். வீச வேண்டிய கணத்தில் மோட்டார் உந்தினால் உதவி. கணம் தப்பினால் அதே உந்தல் ஆளைத் தடுக்கிவிடும்.

அப்புறம், ‘ரோபோக் கால்’ என்றும் எழுதுகிறார்கள். அதுவும் பொருந்தாது. 1890இல் நிக்கோலஸ் யாகன் காப்புரிமை பெற்ற நடைக்கருவி வில் போல வளைந்து நிமிரும் பட்டைகளால் ஆனது. 2015இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மோட்டாரும் பேட்டரியும் இல்லாமல், ஒரு சுருள்வில்லும் கிளட்சும் மட்டும் கொண்ட கணுக்கால் கருவியை அணிவித்து, நடப்பதற்குச் செலவாகும் ஆற்றலைச் சுமார் 7 விழுக்காடு குறைத்துக் காட்டினார்கள். மோட்டார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை ஒன்றுதான்: நடைக்குத் துணை.

அதனால் நடக்க உதவும் கருவிக்கு ‘நடைச்சட்டகம்’ என்பதே என் தேர்வு. ‘அவங்க தினமும் நடைச்சட்டகம் போட்டுப் பழகுறாங்க’ என்று பேச்சிலும் இயல்பாக வரும். தொழிற்சாலையில் சுமை தூக்கத் தோளிலும் முதுகிலும் அணிவதற்கு இந்தச் சொல் ஆகாது. அதற்குப் பொதுவாகப் புறச்சட்டகம் என்றே சொல்லலாம்.