டிஸ்ப்ளே ஃபான்ட்: தமிழில் எப்படிச் சொல்வது?

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஃபிளெக்ஸ் கடை. செல்போன் கடைக்குப் பெயர்ப்பலகை போட வந்தவர், "தம்பி, ரோபோ படத்துல வர்ற மாதிரி எழுத்து வைப்பா" என்றார். "டிசைன் ஃபான்ட்தானுங்கண்ணா, வச்சிரலாம்" என்றான் பையன். வளைவைக் குறைத்து, முனைகளை வெட்டிவிட்டாற்போல் கட்டம்கட்டமாக நிற்கும் எழுத்து. தலைப்புக்கும் பலகைக்கும் பெரிதாகப் போடுகிற டிஸ்ப்ளே ஃபான்ட் என்பதில் இது ஒரு வகை.

ஃபான்ட் என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதன் வேர் 'உருக்கு' என்னும் வினை. ஈயக் கலவையை உருக்கி அச்சில் வார்த்த எழுத்துத் தொகுதிக்கு அந்தப் பெயர். ஒரே வடிவமானாலும் 12 புள்ளி அளவு ஒரு ஃபான்ட், 14 புள்ளி இன்னொன்று. கணினி வந்தபின் அந்தக் கணக்கு போய்விட்டது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு உருக்கி வார்ப்பதை விளக்க வேண்டியதில்லை. நாம் இரும்பாலை என்று சொல்வதற்குக்கூட ஏட்டில் 'சேலம் உருக்காலை' என்றுதான் பெயர். ஆனால் 'எழுத்துரு'வில் இருக்கும் உரு, வடிவம் என்ற பொருளில் வருவது. உருக்கோடு அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஃபான்டுக்கு எழுத்துரு நல்ல சொல், நிலைத்தும் விட்டது.

சிக்கல் டிஸ்ப்ளேயில்தான். 'காட்சி எழுத்துரு' என்று எழுதுகிறார்கள். எழுத்து என்றாலே கண்ணுக்குக் காட்சிதானே! டிஸ்ப்ளேயின் லத்தீன் மூலத்துக்கு மடிப்பை விரிப்பது என்று பொருள். நாம் கடை விரிப்பது என்கிறோமே, கிட்டத்தட்ட அது. தலைப்பு, பலகை, சுவரொட்டி என்று முகப்பில் பெரிதாக நிற்கும் எழுத்து என்பதால் 'முகப்பெழுத்துரு' என்பதே என் தேர்வு.

செல்போன் கடைக்காரர் கேட்ட அந்தச் சதுரச் சாயலுக்குப் பேர்போனது யூரோஸ்டைல் என்னும் எழுத்துரு. இத்தாலியின் டூரின் நகரில் நெபியோலோ என்னும் அச்செழுத்து வார்ப்பகத்துக்காக ஆல்டோ நோவரேசே 1962இல் வடித்தது. அதற்கு முன்னோடியான மைக்ரோகிராமாவில் (1952) பெரிய எழுத்துகள் மட்டுமே உண்டு. விண்வெளிப் படங்களின் கருவிப் பலகைகளில் இந்தச் சாயல் ஏறியதும், எதிர்காலம் என்றாலே சதுர எழுத்து என்று நம் கண்ணும் பழகிவிட்டது.

தமிழில் ட, ப, ம மூன்றும் பிறவியிலேயே சதுரம். ஒன்றும் செய்ய வேண்டாம். பாடுபடுத்துவது சுழிதான். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று எண்ணிப் படித்தவர்கள் நாம். சுழியைக் கட்டமாக்கினால் பெரிய அளவில் எண்ணிக்கை தெரியும். சிறிதாக்கினால் கட்டங்கள் ஒட்டிக்கொள்ளும்.

செல்போன் கடைக்காரர் முகவரியும் அதே எழுத்தில் வேண்டும் என்றார். பையன் 'கன்னங்குறிச்சி' என்று அடித்துச் சிறிதாக்கிக் காட்டினான். ன்ன எது, ங் எது என்றே பிரியவில்லை. செங்கல் அடுக்கியது போல் இருந்தது. அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "சரி, அட்ரஸ் மட்டும் சாதா எழுத்துலயே போட்டுடு" என்றார்.