வெளிநாட்டிலிருந்து வரும் காசு: வங்கி, நாணயமாற்றுக் கடை, உண்டியல் பற்றிய விதிகள்

கொழும்பில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் கனடாவிலோ லண்டனிலோ சுவிஸிலோ யாரும் இல்லாத வீடு குறைவு. காசு வருகிறது, ஆனால் எந்த வழியால் வந்தால் எவ்வளவு கையில் நிற்கும், எது சட்டம், எது சட்டமில்லை என்பது பலருக்குத் தெளிவில்லை. வங்கியைத் தவிர்த்து ஆட்கள் மூலமாகக் காசைக் கைமாற்றும் உண்டியலுக்குத் தெரியாமல் போய் மாட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது நடைமுறையில் இருப்பது 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம். 1953இல் வந்த பழைய செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள். அடிப்படை விடயம் ஒன்றுதான்: வெளிநாட்டு நாணயத்தை வாங்குவதும் விற்பதும் மத்திய வங்கி அதிகாரமளித்த வங்கிகளோடும், அனுமதி பெற்ற நாணயமாற்றுக் கடைகளோடும் மட்டுமே நடக்கவேண்டும். தெரிந்தவர் ஒருவரிடம் டொலரைக் கொடுத்து ரூபா வாங்குவதும் இந்தச் சட்டத்துக்கு வெளியேதான் வரும். வீட்டில் தாளாக வைத்திருக்கக்கூடிய தொகைக்கும் வரம்பு உண்டு. 15,000 டொலராக இருந்ததை 2022 ஜூனில் 10,000 டொலராகக் குறைத்தார்கள்.

வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்புவதுதான் பெரும்பாலும் நல்ல வழி. அனுப்புகிறவர் சுவிஸிலோ ஜெர்மனியிலோ இருந்தால் அங்குள்ள படிவம் ஐபான் எனப்படும் சர்வதேச வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்கும், இலங்கையில் அப்படி ஒன்று கிடையாது. சாதாரண கணக்கு எண், வங்கியின் சுவிஃப்ட் குறியீடு (நாடுகளுக்கிடையே பணம் அனுப்பும்போது வங்கியை அடையாளம் காட்டுவது), கிளையின் பெயரும் குறியீடும், கணக்கில் உள்ளபடியே முழுப்பெயர், இவ்வளவும் போதும். பெயரில்தான் எங்கள் ஆட்களுக்குச் சிக்கல் வருகிறது. அப்பாவின் பெயர் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா, முதலெழுத்தா முழுப்பெயரா என்பதில் அனுப்புகிறவர் ஒன்றைப் போட, வங்கியில் வேறொன்று இருக்க, காசு நாட்கணக்கில் தொங்கி நிற்கும். வெஸ்டர்ன் யூனியன், மணிகிராம் மாதிரி நேரில் போய்க் காசாக எடுப்பதென்றால் இன்னும் கவனம் வேண்டும், அடையாள அட்டையில் உள்ளதும் அனுப்பியவர் எழுதியதும் ஒத்துப்போகாவிட்டால் காசைத் தரமாட்டார்கள். ஆகவே அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பி, அதைப் பார்த்தே எழுதச் சொல்லுங்கள்.

'கட்டணம் இல்லை' என்ற விளம்பரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கவேண்டாம். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 500 பவுண் அனுப்புகிறார்கள் என்று வையுங்கள். ஒரு நிறுவனம் கட்டணமே எடுக்காமல் பவுணுக்கு 395 ரூபா தருகிறது, கிடைப்பது 197,500. இன்னொன்று 3 பவுண் எடுத்துக்கொண்டு மீதி 497க்கு 402 ரூபா வீதம் தருகிறது, அப்போது 199,794. கட்டணம் எடுத்தவரிடம்தான் இரண்டாயிரத்துக்கு மேல் கூட வருகிறது. அனுப்புகிறவரிடம் கேட்கவேண்டிய கேள்வி, 'கடைசியில் இங்கே எத்தனை ரூபா வந்து சேரும்?' என்பதுதான். சுவிஃப்ட் வழியாக வருகிறபோது இடையில் நிற்கும் வங்கியும் கொஞ்சம் கழிக்கும், அதையும் யார் தலையில் போடுவதென்று அனுப்பும்போதே தெரிவுசெய்யலாம்.

டொலராகவே வைத்திருக்க விரும்பினால் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றைத் திறக்கலாம். வெளிநாட்டிலிருந்து வருகிற பணம் அப்படியே அதில் விழும், தேவைப்படும்போது ரூபாவாக எடுக்கலாம், நிலையான வைப்பாகவும் போடலாம். ஆனால் இங்கே ரூபா கொடுத்து டொலர் வாங்கி இதில் போட முடியாது.

கையில் தாளாக இருந்தால் வெள்ளவத்தையில் காலி வீதியிலோ கோட்டையிலோ கடைகள் இருக்கின்றன. மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் கண்ணில் படும்படி இருக்கிறதா என்று பாருங்கள், பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குங்கள். பலகையில் இரண்டு நிரல் இருக்கும், நீங்கள் கொடுக்கும்போது 'வாங்கும் விலை' என்பதுதான் உங்களுடையது. பேனாக் கீறல் விழுந்த தாள், கிழிந்த தாள் என்றால் குறைத்துக் கேட்பார்கள், அல்லது எடுக்கவே மாட்டார்கள்.

சரி, உண்டியல். 2021 கடைசியிலிருந்து 2022 மார்ச் வரை டொலரை ஏறக்குறைய 200 ரூபாவில் பிடித்து வைத்திருந்தார்கள், வெளியில் அதைவிட நன்றாகக் கூடக் கொடுத்தார்கள், சனம் உண்டியலுக்குப் போனது. 2020இல் 710 கோடி டொலராக வந்த தொழிலாளர் பணம் 2022இல் 380 கோடிக்கு விழுந்தது. இப்போது அந்தப் பெரிய இடைவெளி இல்லை, 2024இல் 657 கோடி டொலர் வங்கி வழியாகவே வந்திருக்கிறது. அப்படியிருந்தும் சில ரூபாவுக்காக உண்டியலுக்குப் போகிறவர்களைப் பார்த்தால் மனது பதறுகிறது. ஏனென்றால் அண்ணா அங்கே உண்டியல்காரரிடம் காசைக் கொடுக்க, இங்கே உங்கள் கணக்கில் காசைப் போடுகிறவர் உங்கள் அண்ணா இல்லை, முகம் தெரியாத யாரோ ஒருவர். அது போதைப்பொருள் காசாக இருந்தால் விசாரணை உங்கள் வாசலுக்குத்தான் வரும், கணக்கையும் முடக்கிவிடுவார்கள். பத்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட கொடுக்கல் வாங்கல்களை வங்கிகள் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கவேண்டும் என்பது 2006ஆம் ஆண்டின் நிதியியல் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடும் சட்டத்தின் கீழுள்ள விதி. அறிவித்தால் குற்றம் என்று அர்த்தமில்லை, முறையாக வந்த காசுக்குக் கடிதம் இருக்கும், காட்டிவிடலாம். உண்டியலில் வந்ததற்கு எதைக் காட்டுவது?

வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த உறவினர் இங்கே தொடர்மாடி வீடு வாங்கப்போகிறார் என்றால் இது இன்னும் முக்கியம். வாங்கும் காசு, வெளிநாட்டிலிருந்து முதலீட்டுக்கு வரும் பணத்துக்கென வங்கியில் திறக்கும் உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாக வந்திருக்கவேண்டும், அப்போதுதான் பிறகு விற்ற பணத்தைத் திரும்பக் கொண்டுபோகச் சிரமம் இருக்காது.

இங்கிருந்து வெளியே அனுப்புவதும் வங்கி வழியாகத்தான். பிள்ளையின் படிப்புக் கட்டணம் என்றால் பல்கலைக்கழகத்தின் கடிதம், கட்டண விபரம், கடவுச்சீட்டு, விசா, காசு வந்த வழிக்கான ஆதாரம் எல்லாம் கேட்பார்கள். கட்டண நாள் நெருங்கும்வரை நிற்காமல் முன்கூட்டியே கிளைக்குப் போய்ப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள், ஒவ்வொரு வங்கியும் கேட்பதில் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும்.