படிக்காத வரியை டெர்மினலில் ஒட்டாதீர்கள்

போன ஐப்பசியில் கோத்தகிரியில் மூன்று நாள் விடாத மழை. கூடலூர்ப் பக்கம் ஆடியில் கொட்டித் தீர்க்கும். எங்களுக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். சில்வர் ஓக் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் கரண்ட் போகும், கொஞ்ச நேரத்தில் செல்போன் டவரும் படுத்துவிடும். அப்படி ஒரு மதியம், பக்கத்து ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) இருந்து கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி லேப்டாப்பைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, எடிட்டர் ஓப்பனே ஆக மாட்டேங்குது. நாளான்னிக்கு ப்ராஜெக்ட் காட்டணும்."

டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் ஜன்னலில், ஓடும் நியோவிம் என்ற நிரல் எழுதும் எடிட்டரைத் திறந்ததும் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. முந்தின நாள் எடிட்டரின் துணைக் கருவிகளான எல்லா பிளகின்களுக்கும் அப்டேட் கொடுத்திருக்கிறாள். பாதியில் நெட் போய், சில பிளகின்கள் அரைகுறையாக இறங்கி நின்றுவிட்டன. எடிட்டர் எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும் அமைப்புக் கோப்பு முதல் பிழையிலேயே நின்றுபோக, அதற்குக் கீழே இருந்த எந்த வரியும் ஓடவில்லை.

"இதெல்லாம் நீயா எழுதின?"

"இல்லக்கா. ஒரு வீடியோவுல குடுத்திருந்தாங்க. ஒரே லைன்தான். அதை ஒட்டி என்டர் அடிச்சா பைத்தான், ஜாவா, சி எல்லாத்துக்கும் செட் ஆயிடும்னாங்க."

பதினாறு வருடமாக மென்பொருள் வேலையில் இருக்கிறேன். கடைசி ஏழு வருடம் கோத்தகிரி வீட்டிலிருந்தேதான் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தேகம் கேட்டு வரும் பிள்ளைகளின் லேப்டாப்பைத் திறந்தால், இந்த "ஒரே லைன்" கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்றைக்கு அவளுக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்று. 'கிளீன்' என்ற தேர்வோடு நியோவிம்மைத் திறந்தால், எந்த அமைப்பையும் எந்த பிளகினையும் படிக்காமல் வெறும் எடிட்டராக வரும். அதில் உட்கார்ந்து மாலைக்குள் ப்ராஜெக்டை முடித்துவிட்டாள். முடித்த பிறகு, டெர்மினலைத் திறக்கும்போதெல்லாம் ஓடும் அவளுடைய ஷெல் கோப்பை இருவரும் வரி வரியாகப் படித்தோம். அதையும் அந்த 'ஒரே லைன்'தான் நிரப்பியிருந்தது. நடுவில் ஓரிடத்தில் நான் நிறுத்திவிட்டேன். 'ஜிபி' என்று இரண்டு எழுத்து அடித்தால் 'கிட் புஷ்' ஓடும்படி ஒரு சுருக்குப் பெயர். கிட் என்பது நிரலின் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கருவி, புஷ் என்றால் அவற்றை எல்லோருக்கும் பொதுவான களஞ்சியத்துக்கு ஏற்றுவது. அதற்குப் பின்னால் 'ஃபோர்ஸ்' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் முகம் மாறிவிட்டது. இரண்டு வாரத்துக்கு முன்னால் அவளுடைய தோழி இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய நிரல் பொதுக் களஞ்சியத்திலிருந்து காணாமல் போயிருக்கிறது. யார் அழித்தது என்று இருவருக்கும் மனஸ்தாபம். அழித்தது இந்த வரிதான். தோழியின் கமிட்டுகளை (சேமித்த மாற்றங்களை) இறக்கிக்கொள்ளாமல் புஷ் செய்தால் கிட் மறுத்துவிடும். 'ஃபோர்ஸ்' போட்டால் மறுக்காமல் மேலெழுதிவிடும். அந்தக் கமிட்டுகள் தோழியின் லேப்டாப்பில் அப்படியே இருந்ததால் வேலை பிழைத்தது. இரண்டு வாரம் பேசாமல் இருந்தது இருந்ததுதான்.

அந்த வரியை எழுதியவர் கெட்டவர் இல்லை. தனியாக வேலை செய்பவர், தனக்கு வசதியாக எழுதிவைத்திருக்கிறார். அவருக்குப் பொருந்தியது இவளுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். ஆனால் இணையத்தில் எழுதி வைப்பவர்கள் எல்லோரும் அப்படி என்று நம்பி உட்கார முடியாது. 'கர்ல்' (இணையத்திலிருந்து இறக்கும் கட்டளை) என்று தொடங்கி 'பாஷ்' (கட்டளைகளை ஓட்டும் ஷெல்) என்று முடியும் வரியை ஒட்டினால், முன்பின் தெரியாத ஒரு சர்வர் அனுப்பும் நிரலைப் படித்துக்கூடப் பார்க்காமல் நம் பெயரில் ஓட விடுகிறோம். நிர்வாகி அதிகாரம் தரும் 'சுடோ'வும் சேர்ந்திருந்தால் வீட்டுச் சாவியோடு பீரோ சாவியையும் கொடுத்த மாதிரி. முதலில் கோப்பாக இறக்குங்கள், திறந்து படியுங்கள், பிறகு ஓட்டுங்கள். இன்னொன்று, வலைப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் வரியும் நகலெடுத்தால் வரும் வரியும் ஒன்றாகத்தான் இருக்கும் என்பதில்லை. பக்கத்தில் உள்ள நிரலால் அதை மாற்ற முடியும். ஒட்டியதும் தானாக ஓடிவிடாமல் என்டருக்காகக் காத்திருக்கும் பாதுகாப்பு, 2020 டிசம்பரில் வந்த பாஷ் 5.1-இல்தான் இயல்பாக இயங்கத் தொடங்கியது. எதையும் முதலில் ஒரு வெற்று எடிட்டரில் ஒட்டிப் பார்ப்பது என் வழக்கம்.

சாவி விஷயத்தில் நானே சூடு கண்டவள். 2017-இல் என் அமைப்புக் கோப்புகளை எல்லோரும் பார்க்கும்படி கிட்டில் ஏற்றினேன். ஷெல் கோப்பின் கடைசியில் ஒரு கிளவுட் கணக்கின் ரகசியச் சாவி இருந்ததைக் கவனிக்கவில்லை. மறுநாள் காலை எச்சரிக்கை மெயில் வந்தபோது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த வரியை அழித்து மறுபடி ஏற்றினேன், அது வீண். கிட் பழைய வரலாறு முழுவதையும் வைத்திருக்கும். அந்த நேரத்தில் முதலில் செய்ய வேண்டியது சாவியையே ரத்து செய்வது. வரியை அழிப்பதெல்லாம் அதற்கு அப்புறம். இன்று என் ரகசியங்கள் தனிக் கோப்பில், எனக்கு மட்டும் படிக்கும் அனுமதியோடு, கிட் கண்டுகொள்ளாதபடி இருக்கின்றன.

சரி, டெர்மினலே வேண்டாம், மவுஸால் தட்டுகிற எடிட்டரே போதும் என்று கேட்கலாம். போதும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மலையில் இருப்பவர்களுக்கு டெர்மினல் தரும் ஒரு வசதி வேறெதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. அது டிமக்ஸ், இணைப்பு அறுந்தாலும் டெர்மினல் வேலையை உயிரோடு வைத்திருக்கும் கருவி. எங்கோ டேட்டா சென்டரில் ஓடும் சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் (தூரத்துக் கணினியோடு பாதுகாப்பாக இணைக்கும் முறை) வழியாக நுழைந்து, அங்கே டிமக்ஸைத் தொடங்கி, அதற்குள் எடிட்டர், சோதனை ஓட்டம், பதிவுகள் என்று மூன்று ஜன்னல் திறந்து வைத்திருப்பேன். இங்கே இடி இடித்து நெட் போனால் என் திரை உறைந்துவிடும். சர்வரில் வேலை நடந்துகொண்டே இருக்கும். இரண்டு மணி நேரம் கழித்து 'அட்டாச்' கொடுத்தால், கர்சர் விட்ட இடத்திலேயே நிற்கும். நாற்பது நிமிடம் ஓட வேண்டிய சோதனை, நான் மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருந்த நேரத்தில் முடிந்திருக்கும். ஆனால் டிமக்ஸை நம் லேப்டாப்பிலேயே ஓட்டி, அதன் பேட்டரி செத்தால், எல்லாம் அதோடு போகும். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு நம்புங்கள்.

பல மொழிகளில் எழுதுகிறவர்களுக்கு முன்பு பெரிய தலைவலி இருந்தது. ஒவ்வொரு எடிட்டரும் ஒவ்வொரு மொழியையும் தனித்தனியாகக் கற்க வேண்டும். பத்து எடிட்டர், பத்து மொழி என்றால் நூறு இணைப்பு. 2016-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எல்எஸ்பி என்ற நெறிமுறை அதை மாற்றியது. மொழியைப் புரிந்துகொள்ளும் வேலையைத் தனி சர்வர் செய்யும், எடிட்டர் அதோடு பேசினால் போதும். பைத்தானுக்குப் பைரைட், சி மொழிக்கு கிளாங்டி, ரஸ்டுக்கு ரஸ்ட் அனலைசர். 2021-இல் வந்த நியோவிம் 0.5 முதல் இந்தப் பேச்சு எடிட்டருக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே ஒரு மொழியைச் சேர்க்க இன்று சில வரிகள் போதும், எழுபது பிளகின் தேவையில்லை. 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பில் ஜாவா சர்வரும் பிரௌசரும் சேர்ந்து ஓடினால் மூச்சு முட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: ரஸ்ட் அனலைசர் ஒரு ப்ராஜெக்டைப் புரிந்துகொள்ள அதன் பில்ட் ஸ்கிரிப்டுகளை (ப்ராஜெக்டைத் தயாரிக்கும் வேலைக்கான நிரல்களை) ஓட்டும். முன்பின் தெரியாதவர் எழுதிய ப்ராஜெக்டைத் திறப்பதே அவர் நிரலை ஓட்டுவதுதான்.

பைத்தானில் ஒன்று. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் 12-ஆம் பதிப்பு முதல், கணினிக்குச் சொந்தமான பைத்தானில் பொதிகளை நிறுவும் 'பிப்' கொண்டு எதையும் நிறுவ முடியாது. இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று சொல்லி நிறுத்திவிடும். அதைத் தாண்ட ஒரு தேர்வு இருக்கிறது, அதைப் போடச் சொல்லும் அறிவுரையும் எங்கும் கிடைக்கிறது. அந்தத் தேர்வின் பெயரே 'கணினியின் பொதிகளை உடை' என்று பொருள்படும். ப்ராஜெக்டுக்கு ஒரு 'வென்வ்', அதாவது அதற்கே உரிய தனிப் பைத்தான் சூழல், உருவாக்குங்கள், ஒரு நிமிட வேலை.

நிறம், எழுத்துரு, அலங்காரம் பற்றி எனக்குப் பெரிய கருத்து இல்லை. தமிழில் குறிப்பு எழுதுகிறவர்கள் மட்டும் டெர்மினலைச் சோதித்துத் தேர்ந்தெடுங்கள். 'தமிழ்' என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து, எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் ஐந்து குறியீடு, அதைக் கணினி சேமிக்கும் யூடிஎஃப்-8 வடிவில் 15 பைட். கட்டம் கட்டமாக எண்ணும் டெர்மினல் பலவற்றில் இந்தக் கணக்கு பிசகி, கர்சர் ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் நிற்கும்.

நம் கருவியை நாம் அறிந்திருப்பதால் என்ன பயன் என்பதற்கு 2024 மார்ச்சில் நடந்ததைச் சொல்வேன். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். ஏன் என்று துருவிக்கொண்டே போனதில், எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ மறைத்து வைத்திருந்த பின்வாசல் அகப்பட்டது. வழக்கமாக எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்திருந்ததால்தான் அந்த அரை நொடி அவர் கண்ணில் பட்டது.

அந்தப் பெண் பழைய அமைப்பை ஒரு மூலையில் ஒதுக்கிவைத்துவிட்டு வெற்றுக் கோப்பிலிருந்து தொடங்கினாள். ஒரு வரி சேர்த்தால் அதற்கு மேலே எதற்கு என்று தமிழில் ஒரு குறிப்பு. கோப்பு கிட்டில் இருக்கிறது. பிளகின்கள் எந்தப் பதிப்பு என்று பூட்டிவைக்கும் கோப்பும் அதோடு. ரஸ்டின் ஆவணங்கள் 'ரஸ்ட்அப் டாக்' என்று அடித்தாலே நெட் இல்லாமல் திறக்கும், நியோவிம்மின் உதவிப் பக்கங்களும் அப்படித்தான். மழைக்காலத்தில் எங்களுக்கு அவைதான் துணை. இந்த ஆவணியில் மழைக்கு முன்னாலேயே வைஃபையை அணைத்துவிட்டு எல்லா மொழியிலும் ஒரு கோப்பு திறந்து பார்க்கச் சொன்னேன். ஜாவா மட்டும் தடுமாறியது. அதன் சர்வர் இன்னும் இறங்கவே இல்லை. வைஃபையைப் போட்டு இறக்கி, மறுபடி அணைத்துச் சோதித்துவிட்டு, இருட்டுவதற்குள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.