படித்தால் அழியும் நினைவகம்

மாட்டுங்காவிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் வழக்கம்போல வெள்ளம், கட்டடத்தின் மீட்டர் அறைக்குள் தண்ணீர், கரண்ட் போய் அவர் சேமிக்காமல் வைத்திருந்த புராஜெக்ட் பாதி காலி. “1960 வாக்கில் இதே மும்பையில் கட்டிய டிஃப்ராக் கணினியிலும் இப்படித்தானா?”

இல்லை. கரண்ட் போனால் கணக்கு நிற்கும். நினைவகத்தில் எழுதியது அப்படியே இருக்கும்.

மணிச்சட்டத்தில் தள்ளிய மணி தள்ளிய இடத்தில் நிற்கும். 1642இல் பாஸ்கல் செய்யத் தொடங்கிய கூட்டல் இயந்திரத்தில் சக்கரமும் அப்படியே. வெற்றிடக் குழாய்கள் (டிரான்சிஸ்டருக்கு முன் அதன் வேலையைச் செய்தவை) வந்ததும் வேகம் கூடியது, ஞாபகம் போயிற்று. எண்களைப் பாதரசத்துக்குள் ஒலி அலையாகச் சுற்றவிட்டுப் பார்த்தார்கள், பிக்சர் டியூபில் மின்னூட்டப் புள்ளிகளாக வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் கைகொடுத்தது மறுபடியும் கம்பியில் கோத்த மணிதான்.

மணி என்றால் ஃபெரைட் என்ற காந்தப் பொருளில் செய்த, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள வளையம். நடுவே போகும் கம்பியில் மின்சாரம் ஒரு திசையில் பாய்ந்தால் வளையத்துக்குள் காந்தத்தின் திசை வலச்சுற்றாக அமையும், மறுதிசையில் பாய்ந்தால் இடச்சுற்றாக. ஒன்று 1, மற்றது 0. மின்சாரத்தை நிறுத்தினாலும் மாறாது.

சரி, ஆயிரம் வளையங்களில் ஒன்றை மட்டும் தொடுவது எப்படி? 32 குறுக்குக் கம்பி, 32 நெடுக்குக் கம்பி, வெட்டும் இடந்தோறும் ஒரு வளையம்: 64 கம்பியில் 1,024 வளையம். ஒரு குறுக்குக் கம்பியிலும் ஒரு நெடுக்குக் கம்பியிலும் தேவையானதில் பாதிப் பாதி மின்சாரம் அனுப்ப வேண்டும். அவற்றிலுள்ள மற்ற 62 வளையங்களுக்கும் பாதிதான் கிடைக்கும். அவற்றின் காந்தம் லேசாக அசைந்துவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பிவிடும். இரண்டும் சந்திக்கும் ஒரே வளையத்தின் காந்தம்தான் சட்டென்று எதிர்த்திசைக்குப் புரளும். வங்கி லாக்கருக்கு நம் சாவியும் வேண்டும், வங்கியின் சாவியும் வேண்டும் என்பது மாதிரி. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜே ஃபாரெஸ்டரின் குழு 1953இல் வேர்ல்விண்ட் கணினியில் இதைப் பொருத்தியது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது படிக்கும் விதம். உள்ளே இருப்பது 1ஆ 0ஆ என்று தெரிய, அதில் 0 எழுதிப் பார்ப்பார்கள்! ஏற்கெனவே 0 என்றால் காந்தம் புரளாது. 1 என்றால் புரளும். அந்த அசைவில், எல்லா வளையங்களுக்குள்ளும் ஓடும் இன்னொரு கம்பியில் ஒரு சின்ன மின்துடிப்பு கிளம்பும். பள்ளியில் படித்த ஃபாரடே விதியேதான். துடிப்பு வந்தால் இருந்தது 1. ஆனால் பார்த்த கையோடு அது 0 ஆகிவிட்டதே! உடனே திரும்ப 1 எழுதியாக வேண்டும். எல்லாம் சில மைக்ரோவினாடிகளுக்குள்.

2,700 வெற்றிடக் குழாய்களும் இந்த வளைய நினைவகமும் கொண்ட டிஃப்ராக்கை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர். நரசிம்மன் தலைமையிலான குழு கட்டியது. 1962இல் நேரு அதற்குப் பெயர் சூட்டியபோது வெளிநாட்டில் டிரான்சிஸ்டர் கணினிகள் வந்துவிட்டன. வீண்செலவு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெட்டியை வாங்கிவிடலாம்; அதைக் கட்டத் தெரிந்தவர்களை? மூன்று வருடத்தில் சந்தைக்கு என்ன வரும் என்று கேட்டுத்தான் பணம் தருவேன் என்றால், இப்படி ஒன்று தொடங்கியே இருக்காது.

1970இல் இன்டெல்லின் 1103 என்ற நினைவகச் சில்லு வந்தது. விலையில் அதோடு வளையங்களால் போட்டி போட முடியவில்லை. ஆனால் இன்றைய ரேமிலும் படித்தால் அழியும், திரும்ப எழுத வேண்டும். அதில் 1, 0 இருப்பது மின்னூட்டமாக; அது கசிவதால் படிக்காவிட்டாலும் சில பத்து மில்லிவினாடிகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காந்தத்தில் எழுதும் எம்ரேம் சில்லுகள் கரண்ட் போனாலும் மறப்பதில்லை. அவை இப்போது விற்பனையிலும் இருக்கின்றன, லேப்டாப்பில் ரேமுக்குப் பதிலாகப் போடும் விலையில்தான் இல்லை.