ஓக்லஹோமாவின் மணற்கல் பள்ளிகள்: சுவர் எப்படி நிற்கிறது, எதனால் உதிர்கிறது?

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், குறிப்பாக அதன் கிழக்குப் பகுதியில், பல சிற்றூர்களில் ஒரே சாயலில் பழைய பள்ளிக் கட்டடங்கள் நிற்கின்றன. ஒரே தளம், நீள்சதுர வடிவம், பழுப்பும் மஞ்சளும் கலந்த மணற்கல் சுவர், உயரமான சன்னல் வரிசை. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வேலையிழந்தவர்களுக்குக் கூலி வேலை கொடுக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு 1935 மே மாதம் தொடங்கி 1943 வரை நடத்திய டபிள்யூ.பி.ஏ. (Works Progress Administration) என்ற பொதுப்பணித் திட்டத்தில் எழுந்தவை இவை. நாடு முழுவதும் அத்திட்டம் கட்டிய புதிய பள்ளிகள் சுமார் 5,900.

கல்லைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கணக்குதான். மத்திய அரசின் பணம் பெரும்பாலும் கூலிக்கே போக வேண்டும். பொருள்களுக்கு உள்ளூர் நிர்வாகம் தன் பங்கைத் தர வேண்டும். பருத்தி விலை விழுந்து, நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிக்கிடந்த ஊர்களிடம் பணம் ஏது? பக்கத்துக் குன்றில் மணற்கல் மட்டும் இருந்தது. அதை வெட்ட, ஏற்றி வர, செதுக்க, அடுக்க நிறைய ஆள் வேண்டும். லாபம் பார்க்கும் ஒப்பந்ததாரர் எந்தக் காரணத்துக்காகக் கல்லை ஒதுக்குவாரோ, அதே காரணத்துக்காக இங்கே கல் விரும்பப்பட்டது. தேர்ந்த கொத்தனார் சிலர் வழிகாட்ட, அதுவரை கரணை பிடிக்காதவர்களும் வேலையிடத்திலேயே தொழில் கற்றார்கள்.

இந்தச் சுவர்களைப் பழுதுபார்க்கும் பலர் செய்யும் பெரிய தவறு, கற்களுக்கு இடையே வைக்கும் கலவையான காரை எவ்வளவு வலுவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நினைப்பது. சுவரின் பாரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் அது ஏன் தவறு என்று புரியும். மணற்கல் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 2,300 கிலோ எடை. 45 செ.மீ. தடிமனும் 4.5 மீட்டர் உயரமும் உள்ள சுவரின் அடிவரிசையில், சுவரின் சொந்த எடையால் விழும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு ஒரு கிலோதான். கூரையின் பங்கைச் சேர்த்தாலும் ஒன்றரைக் கிலோவை ஒட்டியே நிற்கும். ஒரு பங்கு சிமெண்ட், 2 பங்கு சுண்ணாம்பு, 9 பங்கு மணல் என்ற மெலிந்த கலவைகூட 25 கிலோ தாங்கும். கட்டடத்துக்கு ஏற்ற மணற்கல் 250 கிலோவுக்கு மேல் தாங்கும். ஆக, பாரம் ஒரு பிரச்சினையே இல்லை. அங்கே காரையின் முக்கிய வேலை கல்லுக்குக் கல் இருக்கும் மேடுபள்ளத்தை நிரப்பி பாரத்தைச் சமமாகப் பரப்புவதும், சுவருக்குள் போன ஈரத்தை வெளியே விடுவதும்தான்.

ஈரம் எந்த வழியில் வெளியேறுகிறது என்பதில்தான் சுவரின் ஆயுள் இருக்கிறது. மழைநீர் மெல்லிய விரிசல்கள் வழியாக உள்ளே போகும். சுண்ணாம்பு மிகுந்த காரையில் நுண்துளைகள் அதிகம் என்பதால் அந்த ஈரம் காரை வழியாக வந்து ஆவியாகிவிடும். கூடவே வரும் உப்பும் காரையிலேயே பூத்து, காரையைத்தான் உதிர்க்கும். சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை காரையைப் புதுப்பித்தால் போதும், கல் தப்பிக்கும். அந்த இடத்தில் 1:3 (ஒரு பங்கு சிமெண்ட், 3 பங்கு மணல்) சிமெண்ட் காரையைத் திணித்தால் வழி அடைபடுகிறது. ஈரம் கல்லின் முகம் வழியாக வெளியேற முயல்கிறது, உப்பும் கல்லுக்குள்ளேயே படிகமாகிறது.

குளிர்காலத்தில் நிலைமை இன்னும் மோசமாகும். உறையும்போது தண்ணீர் 9 விழுக்காடு விரிகிறது. கல்லின் துளைகளில் பத்தில் ஒரு பங்காவது காலியாக இருந்தால் அந்த விரிவுக்கு இடம் கிடைக்கும். துளைகள் நிறைந்திருந்தால் கல் உடையும். கிழக்கு ஓக்லஹோமாவில் இரவில் உறைந்து பகலில் உருகுவது ஒரே குளிர்காலத்தில் பலமுறை நடக்கும். சில ஆண்டுகளில் சிமெண்ட் காரை வலைபோல் முன்னே துருத்தி நிற்க, நடுவில் கல் குழிந்து போயிருக்கும். அப்படி ஒரு சுவரைப் பார்த்தால் மழையைக் குறை சொல்ல வேண்டாம், பழுதுபார்த்த கலவையைத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 1930-களில் சிமெண்ட் எங்கும் கிடைத்தது; சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த காரையே பரவலாக இருந்தது, சில இடங்களில் கெட்டியான சிமெண்ட் காரையும் உண்டு. எனவே பழைய கட்டடம் என்றாலே சுண்ணாம்புக் காரை என்று முடிவுகட்டக் கூடாது. மழை படாத மூலையிலிருந்து பழைய காரைத் துண்டு ஒன்றை எடுத்து, பொடித்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுங்கள். சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். நீர் கலங்கிச் சாம்பல் நிறமானால் சிமெண்ட் இருக்கிறது என்று கொள்ளலாம். அடியில் தங்கும் மணலைக் கழுவி உலர்த்திச் சலித்தால், புதுக் காரைக்கு எந்த நிறத்தில், எந்தப் பருமனில் மணல் தேட வேண்டும் என்று தெரியும். மணலிலேயே சுண்ணாம்புக்கல் துகள் இருந்தால் அதுவும் கரைந்து கணக்கைக் கெடுக்கும். அப்போது ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

காரையைத் தொடும் முன் கூரைக்கு ஏறிப் பாருங்கள். இவற்றில் பல, கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் மறைந்த தட்டைக் கூரை கொண்டவை. கைப்பிடிச் சுவரின் உச்சிக் கற்களுக்கு இடையே உள்ள சந்து திறந்திருந்தால் தண்ணீர் நேராகச் சுவரின் நடுவயிற்றுக்குள் இறங்கும். அதையும் அடைபட்ட வடிகுழாயையும் சரிசெய்யாமல் கீழே பாயிண்டிங் (கற்களுக்கு இடையே உள்ள பழைய காரையைச் சுரண்டிவிட்டுப் புதுக் காரை நிரப்புவது) செய்வது வீண்செலவு.

பாயிண்டிங் செய்யும்போது பழைய காரையைச் சந்தின் அகலத்தைப் போல இரண்டு அல்லது இரண்டரை மடங்கு ஆழம் வரை சுரண்டி எடுக்க வேண்டும், 2 செ.மீ. சந்துக்கு 4 முதல் 5 செ.மீ. அரை அங்குலம் மட்டும் சுரண்டிப் பூசினால் அடுத்த குளிரிலேயே தோலாகக் கழன்று விழும். கை உளி போதும். வெட்டும் இயந்திரம் ஒழுங்கற்ற கல்லின் விளிம்பைச் சீவிவிடும். தூசியைக் கழுவி, கல்லை ஈரமாக்கி, மேலே தண்ணீர் நிற்காத பதத்தில் காரை வைக்க வேண்டும். ஒரே தடவையில் அடைத்தால் சுருங்கி விரிசல் விடும் என்பதால் 6 மி.மீ. அடுக்குகளாக நிரப்பி, ஒவ்வொன்றும் கட்டைவிரல் பதியும் அளவுக்கு இறுகிய பிறகே அடுத்ததை வைக்க வேண்டும். வெப்பநிலை 5 முதல் 35 டிகிரிக்குள் இருக்கட்டும். குறைந்தது மூன்று நாள் ஈரச் சாக்கு போட்டு மூடி வைக்க வேண்டும்.

மணற்கல் படிவு படிவாக உருவானது. அந்தப் படிவுகள் தரைக்கு இணையாகக் கிடக்கும்படி கல்லை வைத்தால் மேலிருக்கும் பாரமே அவற்றை அழுத்திப் பிடிக்கும். செங்குத்தாக நிறுத்தியிருந்தால் புத்தகத் தாள்போல முகம் ஏடேடாகப் பிரியும். அப்படிப் பிரியும் கல்லுக்குக் காரையால் மருந்தில்லை. அந்த ஒரு கல்லை மட்டும் எடுத்து அதே வகைக் கல்லை, படிவு கிடைமட்டமாக இருக்கும்படி வைத்துக் கட்ட வேண்டும். நீர் ஒட்டாத பூச்சு அடிப்பதும், மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்வதும் வேண்டவே வேண்டாம். பூச்சு ஈரத்தை உள்ளே சிறைவைக்கும். மணல் வீச்சோ கல்லின் முகத்தையே தின்றுவிடும். கறை போக வேண்டுமென்றால் குறைந்த அழுத்தத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும்.