பட்டிபொல பலகையும் விமானத்தின் உயரமானியும்

இலங்கை மலைநாட்டின் பட்டிபொல ரயில் நிலையப் பலகையில் 6,226 அடி என்று எழுதியிருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து எடுத்த கணக்கு அது. அந்த மேடையில் ஒரு விமான உயரமானியை அன்றைய கடல்மட்ட அழுத்தத்துக்குச் சரியாகத் திருத்தி வைத்தால், அதுவும் ஏறத்தாழ அதையே காட்டும். அடியில் தரை ஒட்டிக்கொண்டிருப்பது அதற்குத் தெரியாது. காற்றழுத்தத்தை அளந்து அடிக்கணக்காக மாற்றிக் காட்டுவது மட்டுமே அதன் வேலை.

1974 டிசம்பர் 4 இரவு, சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களோடு கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வந்த, நெதர்லாந்தின் மார்ட்டினெயார் நிறுவனத்தின் டி.சி.-8 விமானம், நோர்ட்டன் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஏழு கன்னியர் மலையில் மோதியது. 182 பயணிகள், 9 பணியாளர்கள், ஒருவர்கூடத் தப்பவில்லை. மோதிய இடம் சுமார் 4,355 அடி. ஹட்டன் ரயில் நிலையமே 4,100 அடிக்கு மேல் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அன்று கொடுக்கப்பட்ட கடல்மட்ட அழுத்தம் 1010.1 மில்லிபார். உயரமானியில் பொது அளவான 1013.25ஐ மாற்றாமல் விட்டிருந்தாலும் வித்தியாசம் 100 அடிக்குள்தான், ஏனென்றால் ஒரு மில்லிபாருக்கு 27 முதல் 30 அடி. ஆக, பிழையை வேறிடத்தில் தேட வேண்டும்.

ஜெட் விமானம் இறங்கும் கணக்கு எளிது. ஒரு கடல் மைலுக்கு 300 அடி. 4,355ஐ 300ஆல் வகுத்தால் பதினான்கரை மைல். ஓடுபாதைக்கு அவ்வளவு தூரம் இருக்கையில் அந்த உயரம் மிகச் சரி. ஆனால் மலை இருப்பதோ விமான நிலையத்துக்குக் கிழக்கே சுமார் 40 கடல் மைலில். அங்கே விமானம் ஏறத்தாழ 12,000 அடியில் இருந்திருக்க வேண்டும். உயரத்தில் வந்த பிழை என்று பேசினாலும், உண்மையில் பிசகியது தூரம்.

அது எப்படிப் பிசகும்? அக்காலத்தில் கடலுக்கு மேலே நீண்ட தூரம் பறக்கப் பயன்பட்டது டொப்ளர் ரேடார். விமானத்தின் வயிற்றுப் பகுதியிலிருந்து சாய்வாகப் பல கதிர்களைக் கீழே அனுப்பும். திரும்பி வரும் அலையின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து தரைவேகத்தையும் பக்கவாட்டு நகர்வையும் கணிக்கும். அதைத் திசைகாட்டியோடு சேர்த்து, புறப்பட்ட இடத்திலிருந்து கூட்டிக்கொண்டே வர வேண்டும். கூட்டக் கூட்டப் பிழையும் கூடும். கடல் கண்ணாடி போல அமைதியாக இருந்தால் அலை சரியாகத் திரும்பாது. கருவி கடைசியாகக் கிடைத்த வேகத்தையே பிடித்துக்கொண்டு ஓடும். சுரபாயாவிலிருந்து இங்கே நேர்கோட்டில் சுமார் 4,000 கிலோமீற்றர். நூற்றுக்கு ஒன்று பிசகினாலே 40 கிலோமீற்றர். அதாவது 20 கடல் மைலுக்கு மேல். வானிலை ரேடாரைத் தாழச் சாய்த்துக் கரையோரத்தைப் பார்த்துச் சரிபார்க்கலாம். ஆனால் திரையில் தெரியும் கரை எந்தக் கரை என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். டொப்ளரையும் வானிலை ரேடாரையும் நம்பி, இருந்த இடத்தைத் தவறாக அடையாளம் கண்டு, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியதையே விசாரணை காரணமாகச் சொன்னது.

வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் 2,000 அடி வரை இறங்க அனுமதி கொடுத்திருந்தார். ரேடாரில் பார்த்து வழிநடத்தாதபோது, அப்படியொரு அனுமதி மற்ற விமானங்களிலிருந்துதான் பிரித்துவைக்கும். மலையிலிருந்து விலகியிருப்பது விமானியின் பொறுப்பு. மூன்று நாட்களுக்கு முன்புதான், டிசம்பர் 1ஆம் திகதி, அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் விமானமொன்று அனுமதி கிடைத்தவுடன் 1,800 அடிக்கு இறங்கப்போய் மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அதன் பிறகே தரை நெருங்கினால் எச்சரிக்கும் கருவியை அமெரிக்கா கட்டாயமாக்கியது.

முதல் தலைமுறைக் கருவி நேர் கீழே மட்டும் பார்த்தது. செங்குத்தான சரிவென்றால் அது கத்தும்போது சில விநாடிகளே மிஞ்சும். இப்போதுள்ளது ஜி.பி.எஸ். இடத்தையும் சேமித்து வைத்த நிலவரைபடத்தையும் ஒப்பிட்டு, ஏறத்தாழ ஒரு நிமிடம் முன்பே எச்சரிக்கும். ‘புல் அப்’ (மேலே தூக்கு) என்று குரல் வந்தால் தானியங்கிச் செலுத்தியை விலக்கி, முழு விசை கொடுத்து, இறக்கையைச் சமமாக்கி, மூக்கை ஏறத்தாழ 20 பாகை தூக்க வேண்டும். இறக்கையின் வேகத்தடைப் பலகைகள் விரிந்திருந்தால் அவற்றை மடக்க வேண்டும். ஏன் கத்துகிறது என்று ஆராய்வது அதற்குப் பிறகு.

மைலுக்கு 300 அடி என்ற கணக்கில் ஒரு பொறி உண்டு: தூரமே தவறென்றால் உயரமும் தூரமும் அழகாகப் பொருந்திவிடும், யாருக்கும் சந்தேகம் வராது. இதை உடைக்க வேறொரு சாட்சி தேவை. ரேடியோ உயரமானி நேர் கீழே உள்ள தரையைத்தான் அளக்கும், அதுவும் 2,500 அடிக்குள் வந்தால்தான் விழிக்கும். கட்டுநாயக்கவுக்கு இறங்கும் விமானத்தில் காற்றழுத்த உயரமானி 6,000 அடி காட்டும்போது ரேடியோ உயரமானியின் முள் அசைந்தால், அடியில் கிடப்பது விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள நீர்கொழும்புக் களப்பு அல்ல.